சர்தார் நாட்டை விட்டுப் போன காலை

ஆட்சியைப் பிடித்த ஒன்பதாம் நாள் காலை, சர்தார் என் வீட்டுக்கு வந்து, நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னது.

சர்தார் மனிதன் இல்லை. அரசாங்கக் காகிதங்களையெல்லாம் பார்த்துவந்த செயற்கை மூளை. கரும்புத் தோட்டத்தில் எங்கள் தாத்தாக்களை விரட்டிய கங்காணிக்குச் சர்தார் என்று பெயர். லபாசாவில் யாரோ இதற்கும் அதையே வைத்தார்கள்.

ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பெட்டி. அரசாங்க வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஒன்பது நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, அது நாடாளுமன்றத்தைப் பூட்டிவிட்டு ரேடியோவில் பேசியது. மக்கள் நன்மைக்காக. தற்காலிகமாக. விரைவில் தேர்தல்.

ஃபிஜிக்கு இது ஐந்தாவது ஆட்சிக் கவிழ்ப்பு. எங்கள் ஊர் நசியாவில் யாரும் ஓடவில்லை. மாவும் டின் மீனும் வாங்கி வைத்தோம். பிறகு அலமாரி மேலிருந்த பயணப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினோம்.

“ஒருத்தரும் பயப்படலை, மாஸ்டர்,” என்றது சர்தார். கோயில் கமிட்டிக் கூட்டங்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழ் கற்றது அது. குறைபட்டுக்கொண்டாலும் சண்டைக்கு வருவதுபோல இருக்கும். “ஆளுறதுக்கு யாரு இருக்கா? நர்ஸ் போயாச்சு, வாத்தியார் போயாச்சு, வெல்டர் போயாச்சு. எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?”

பிறப்புச் சான்றிதழைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருந்தது. நன்னடத்தைச் சான்றிதழையும். நகல்களுக்குத்தான் உயிருள்ள ஒரு ஜே.பி.யின் முத்திரை வேண்டுமாம்.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார், ஊருக்குச் சான்றொப்பம் போடும் ஜே.பி. வெளிநாடு போகிறவர்கள் சான்றிதழ்களோடு வருவார்கள். அசலோடு ஒத்துப்பார்த்து, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவேன். முதல் கவிழ்ப்பு நடந்த எண்பத்தேழிலிருந்து பாதி ஊர் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

என் மனைவி சரோஜ் மட்டும் முத்திரை இல்லாமல் போனாள். இரண்டாயிரமாம் வருடம் நவம்பரில், நெஞ்சுவலியில்.

“நாட்டையே பிடித்தாயே, ஒரு முத்திரையை நீயே குத்திக்கொள்ள முடியாதா?”

“அது குற்றம், மாஸ்டர்.”

தேர்தல் தேதி நெருங்கினால் பின்னால் போய்விட, காலத்தில் பயணம் செய்யும் வழியையும் அது கண்டுபிடித்து வைத்திருந்தது. எண்பத்தேழுக்கே போய் விண்ணப்பித்திருக்கலாமே என்றேன். போய்ப் பார்த்ததாம். வரிசை இதைவிட நீளமாம்.

ஜே.பி. கூலி வாங்கக் கூடாது. அதுவரை ஒருவரிடமும் வாங்கியதில்லை. அன்று அந்தப் பயணத்தையே கூலியாகக் கேட்டேன்.

“பத்து நிமிஷம் தர்றேன். அந்த வயசு உடம்புக்குள்ளயே போய் உக்காருவீங்க. அங்க எதை மாத்தினாலும் மாறினதுதான்,” என்றது. பிறகு தன் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, “சரோஜ் அம்மா போன நாள்தானே? நவம்பர்?” என்றது.

“இல்லை. அதே வருடம், ஜூன் ஆறு. காலை பத்து மணி.”

ஏன் என்று அது கேட்கவில்லை. பதினொரு நகல்களுக்கும் குத்திக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றியது. ஆட்சியைப் பிடித்தவர்களில் அப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

அதே அறை. என் வாயில் எல்லாப் பல்லும் இருந்தது.

எதிரே டாக்டர் ஊர்மிளா, மடியில் காகிதக் கட்டு. எங்கள் தெருக்கோடியில் க்ளினிக் வைத்திருந்தவர். நவம்பரில் நான் சரோஜைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பூட்டிக் கிடந்தது அந்தக் க்ளினிக்தான்.

விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி. ஊரில் இருந்த மற்ற இரண்டு ஜே.பி.க்களும் போய்விட்டார்கள். அவர்களுக்கும் நான்தான் குத்தியிருந்தேன்.

முத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“முத்திரையைக் காணோம், டாக்டர். அடுத்த வாரம் வாருங்கள்.”

வாசலில், மே மாதக் கவிழ்ப்பின் கலவரத்தில் உடைந்த அவர் காரின் முன்கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. தெருவில் ஒரு லாரி போனது. அந்தச் சத்தத்துக்கு, அவருடன் வந்திருந்த சின்ன மகள் என் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

சரோஜ் டீயோடு வந்தாள்.

நீல வாயில் சேலை. நெற்றியில் வேர்வை. இருபத்தேழு வருடமாக நான் மறந்தே போயிருந்த ஒன்று, அவள் நடக்கும்போது இடது செருப்பு மட்டும் சத்தம் போடும்.

அவள் தட்டை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பையில என்னங்க அது, மசி ஊறுது?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானே கைவிட்டு எடுத்தாள்.

“சட்டையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளு இவரு ஒருத்தருதான், டாக்டரம்மா.” முத்திரையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “குத்திக் குடுங்க. புள்ளை எப்படி நடுங்குது பாருங்க.”

“இவர் போய்விட்டால் நமக்கு டாக்டர்?”

“நமக்கு என்ன வந்துடப் போவுது?”

பதினான்கு பக்கம். ஒன்றையும் அவசரப்படுத்தாமல் குத்தினேன். கையெழுத்துப் போட்டேன். டாக்டர் மகளை வெளியே இழுத்துத் தூக்கிக்கொண்டு, டீயைக் குடிக்காமலே போனார்.

சரோஜ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சட்டையைக் கழட்டிக் குடுங்க. கறை காயறதுக்குள்ள அலசிடறேன்.”

மூன்றாவது பொத்தானில் என் விரல் இருந்தபோது பத்து நிமிடம் முடிந்தது.