குழி தோண்டிய குருத்தன்

கழிமுகச் சேற்றில் மலையன், குருத்தன் என்று இரண்டு ஆண் நண்டுகள் இருந்தன. மலையனின் கொடுக்கு அவன் உடம்பைவிடப் பெரியது. குருத்தனுக்கோ கொடுக்கை வளர்க்கும் சுரப்பு சரியாக ஊறவே இல்லை; கொடுக்கு சிறுத்தே இருந்தது.

செவ்வந்தி என்ற பெண் நண்டு ஓடு கழற்றும் நாள் வந்தது. புது ஓடு இறுகும்வரை அவள் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் பெண் நண்டு துணை சேரும் என்பதால், அவளைத் தேடி வந்த ஆண் நண்டுகளையெல்லாம் மலையன் சண்டைக்கு இழுத்தான்.

"இங்கேயே இரு, ஜெயித்துவிட்டு வருகிறேன்!" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கடைசி எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

அந்த நேரம் பார்த்து அவள் ஓடு கழன்றது. கொக்கு ஒன்று நெருங்கி வந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று அலறினாள்.

குருத்தன் சேற்றுக்குள்ளிருந்து கண்களை நீட்டினான்.

"நான் இருக்கிறேன். எனக்குச் சண்டை வராது, குழி தோண்ட வரும்."

"அப்போ சீக்கிரம் தோண்டுங்க!"

அவளை உள்ளே விட்டுவிட்டு வாசலைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டான். கொக்கு கொத்தியதில் அவனுக்கு ஒரு கால் போயிற்று. அவன் நகரவில்லை.

மூன்றாம் நாள் மலையன் திரும்பி வந்து கத்தினான்: "செவ்வந்தி! நான்தான் ஜெயித்தேன்!"

இறுகிய புது ஓட்டோடு அவள் வெளியே வந்தாள்.

"சந்தோஷம் அண்ணே. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவர் இப்போதான் தூங்குறார்."