வெயில் சார்ஜர்

"ரெண்டு நாள் மாமா! ரெண்டு நாளும் அந்த போன் ஆஃப்!"

கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மணிவேல் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாளுக்குத்தான் லீவு கிடைத்தது. அக்கா மலர்கொடியின் படத்துக்கு மாலை போட்ட கையோடு, அவள் புருஷன் அய்யாக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காவுக்கு முடியலைன்னு அங்க வேலை பாக்குற நம்மூர் ஆள் சொல்லித்தான் எனக்கே தெரியும். எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்தை பேசியிருப்பேன் மாமா. எங்கக்காகிட்ட ஒரே ஒரு வார்த்தை."

"சார்ஜ் இல்ல மணி," என்றார் அய்யாக்கண்ணு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"சார்ஜ் இல்லையா? அப்ப நான் குடுத்தனுப்புனது எதுக்கு?"

ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம், பருத்திக்காட்டுக்கு நடுவில் ஒற்றைக் கொட்டாய், அக்காவின் வீடு. அங்கே இன்னும் கரண்ட் வரவில்லை. அதற்காகத்தான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த ஒருவரிடம் சோலார் சார்ஜர் கொடுத்தனுப்பியிருந்தான் மணிவேல். பர்ஸ் மாதிரி மடக்கிக்கொள்ளலாம். விரித்து வைத்தால் போதும்.

"கரண்டே வேண்டாம், வெயில் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பெரம்பலூர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

பந்தியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பெரியப்பா செல்லதுரை கை கழுவிவிட்டு வந்தார். "என்னங்க மாப்ள இது! எடுத்து வெளிய வெக்கிறதுக்குக்கூடவா ஒடம்பு வணங்கல?"

"ரிப்பேரா இருந்திருக்கும், விடுப்பா," என்றாள் பக்கத்துக் காட்டுப் பொன்னுத்தாய்.

"ரிப்பேரா? எடுங்க மாமா. இப்பவே பாத்துருவோம்."

"இப்ப எதுக்கு மணி..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அய்யாக்கண்ணு போய் எடுத்து வந்து கொடுத்தார். மணிவேல் அதை வாசலில் விரித்து, தன் போனைச் சொருகினான். 'கிணுக்' என்றது. திரையில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன.

"பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க! ஜம்முனு ஏறுது. எங்கக்கா போன் மட்டும் செத்துக் கெடந்திருக்கு."

"கட்டுன பொண்டாட்டி மேலயே அக்கறை அவ்ளோதான்," என்று பந்தியிலிருந்து ஒரு குரல்.

அய்யாக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா போனைக் குடுங்க. கடைசியா யாருக்கு அடிச்சிருக்கான்னாவது பாத்துட்டுப் போறேன்."

"வேண்டாம் மணி."

"ஏன்? அதை வித்துட்டீங்களா?"

பொன்னுத்தாய் "அடப்பாவமே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அய்யாக்கண்ணு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். எண்களெல்லாம் தேய்ந்துபோன பழைய போன். மணிவேல் தன் போனிலிருந்து வயரை உருவி, அதில் சொருகினான்.

நிற்கவில்லை.

திருப்பிச் சொருகினான். துளை பெரிது, பின் சின்னது. லொடலொடவென்று ஆடி, வயர் நழுவிக் கீழே விழுந்தது.

மூன்றாவது தடவையும் விழுந்தபோது, பந்தியில் இலை மடித்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது... பெரிய பின்னா மாமா?"

"ஆமா மணி."

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னிக்கே. ஆசையாத்தான் போட்டுப் பாத்தோம்."

"அப்ப இத்தனை நாளும் எங்க சார்ஜ் போட்டீங்க?"

"மெயின் ரோட்டு டீக்கடையில. ஒண்ணு விட்டு ஒருநாள் நான் எடுத்துக்கிட்டு நடப்பேன். நாலு மைலு. அவ படுக்கையில விழுந்த அந்த ரெண்டு நாளும் கையைப் புடிச்சவ விடல. எங்கயும் நகர முடியல."

மணிவேல் போனைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாமா? வேற வாங்கி அனுப்பியிருப்பேனே. இவ்ளோ நேரம் நான் பேசுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் வாங்கிட்டா மணி. 'அங்க வேகாத வெயில்ல நின்னு வேலை பாக்குறான். எனக்குன்னு தேடி வாங்கியிருக்கான். ஒத்து வரலைன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவான், மூச்சு வுடாத'ன்னா."

செல்லதுரை சத்தமில்லாமல் செருப்பைத் தேடிப் போனார்.

அய்யாக்கண்ணு குனிந்து, கீழே கிடந்த சார்ஜரில் ஒட்டிய மண்ணைத் துண்டால் துடைத்தார்.

"போன்ல நீ எப்பவும் கேப்பியே, 'அக்கா, சார்ஜரை வெயில்ல வெக்கிறியா'ன்னு. உங்கிட்டப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. அதுக்காவே தெனம் காலையில இதைக் கூரை மேல விரிச்சு வெச்சிட்டுத்தான் காட்டு வேலைக்குக் கெளம்புவா."