குளியலறைப் பேச்சு

“பைப்பைத் திறந்து விட்டுட்டு ஒரு ஆம்பளை பாத்ரூமுக்குள்ள அரை மணி நேரம் பேசறார்னா, அதுக்கு என்னடி அர்த்தம்?”

குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து நின்றாள் அக்கா. தங்கைக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவள். கொஞ்ச நாளாகத் துப்பறியும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள்.

தங்கை தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“‘அழணும்னா அழுங்க, இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. எனக்கு அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க’ன்னு ஒரே கொஞ்சல். நீங்க, வாங்கன்னு மரியாதை வேற. எவளோ அழறா, இவர் தேத்தறார். நீ வாயைத் திறந்து ஒரு கேள்வி கேக்க மாட்ட. அதான் அவருக்கு இவ்வளவு துணிச்சல்.”

தங்கைக்கும் அந்தப் பேச்சு கேட்டிருந்தது. மெத்தைக் கடையில் விற்பனையாளன் அவள் கணவன். சும்மா படுத்துப் பார்க்க வந்தவனைக்கூட பில் போட்டு அனுப்பிவிடும் வாய் அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் அவளிடம் ‘அவசரமில்ல’ என்று சொன்னதே இல்லை. இப்போது யாரோ ஒருத்திக்கு அந்தக் கரிசனமெல்லாம் போகிறது என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

கணவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினான்.

“சனிக்கிழமையும் கடையா மாப்பிள்ளை?” என்றாள் அக்கா.

“ஸ்டாக் எடுக்கணும். வர லேட்டாகும்.”

மனைவியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?” அக்கா போனை எடுத்துக் கடைக்கே அடித்தாள். பேசி முடித்ததும் அவள் முகத்தில் கவலையும் வெற்றியும் ஒன்றாகத் தெரிந்தன. “ஸ்டாக்கும் இல்ல, கீக்கும் இல்லையாம். சனிக்கிழமை மத்தியானம் மூணு மாசமா லீவாம் உன் வீட்டுக்காரருக்கு. கிளம்புடி, கையும் களவுமா பிடிப்போம்.”

இவரும் போய்விட்டால் தனக்கென்று யார் மிச்சம் என்று தங்கை நினைத்தாள். புடவைகூட மாற்றாமல் அக்காவின் பின்னால் ஓடினாள்.

தெருமுனையில் அவன் இன்னும் பஸ்ஸுக்காக நின்றிருந்தான். அவன் ஏறிய பஸ்ஸை ஆட்டோவில் தொடர்ந்தார்கள். ஒரு மருந்துக் கடைக்கு மேலே போகும் படிகளில் அவன் ஏறினான். இவர்களும் சத்தமில்லாமல் ஏறி, பாதி திறந்திருந்த கதவருகே நின்றார்கள்.

உள்ளே குட்டை முடி வைத்த ஓர் இளம்பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்.”

அக்கா தங்கையின் கையைக் கிள்ளினாள். “சிரிப்பைப் பாரு. எப்படி இழையறா பாரு.”

ஆனால் உள் அறையிலிருந்து வேறு ஆட்களும் வந்து வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். இளம்பெண் மட்டும் வட்டத்துக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இன்னைக்கு இந்தக் குழுவை நீங்கதான் நடத்தறீங்க. நான் குறுக்க வரமாட்டேன். சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கில்ல? ஒரு கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும்.”

“அதுதான் மேடம் எனக்கு வரமாட்டேங்குது” என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவின் முகத்தில் அசடு வழிந்தது. “என்னடி இது, ஏதோ ஆறுதல் வகுப்பு மாதிரி இருக்கு?”

உள்ளே ஒரு பெண்மணி பேச ஆரம்பித்து, பாதியில் உடைந்து அழுதாள். அவன் சட்டென்று டிஷ்யூ பெட்டியை எடுத்து நீட்டப் போனான். இளம்பெண் தொண்டையைச் செருமினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். நீட்டினால் ‘அழுதது போதும்’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அங்கே பாலபாடம். அந்தப் பெண்மணி தேவைப்பட்டபோது தானே எடுத்துக்கொண்டாள்.

அப்போது ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு வெடுக்கென்று கேட்டார். “எங்க கஷ்டத்தையெல்லாம் நோண்டறீங்களே, மெத்தை விக்கற உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?”

அவன் இளம்பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

“நான் வாய் ஓயாம பேசற ஆள் சார். எங்க பையன் தவறிப் போன அன்னைக்கும் பேசிட்டேதான் இருந்தேன். அழாத, அழாதன்னு என் பொண்டாட்டியை அதட்டிட்டே இருந்தேன். அன்னைக்கு அழுகையை நிறுத்தினவ, பேச்சையும் சேர்த்து நிறுத்திட்டா. எட்டு மாசமாச்சு, அவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. டாக்டர் தொண்டையில ஒண்ணும் இல்லங்கறார். ஒரு மனுஷி பேசற வரைக்கும் வாயை மூடிட்டு எப்படிக் காத்திருக்கறதுன்னு கத்துக்கத்தான் சார் இங்க வந்தேன். இங்க பேசறதையே பாத்ரூம்லகூட அவளுக்காகப் பேசிப் பழகறேன். அவ எதிர்ல போனா பயமா இருக்கு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். பக்கத்தில் தங்கை இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள், வட்டத்தில் அவனுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணீர் வழிய, சும்மா இருந்தான்.

“நம்ம பையன் தூக்கத்துல சிரிப்பான்” என்றாள் அவள்.