பச்சை வரும்வரை

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் வைதேகியின் கைப்பட்டை ஒருமுறைகூடப் பச்சையாகவில்லை. மனநிலையைக் காட்ட மணமான தம்பதிகள் எல்லோரும் அணிவதுதான். மனம் இளகினால் பச்சை, பயந்தால் சிவப்பு. நெருங்கும்போது அது சிவந்ததுமே கணவன் முகிலன், "பரவாயில்லை, படுத்துக்கோ" என்று நகர்ந்துவிடுவான். நல்லவன்தான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுக் கேட்டே அவள் அலுத்துப்போயிருந்தாள்.

ஞாயிறு மதியம் அவன் தோளில் சாய்ந்தாள். பட்டை சிவந்தது. அவன் எழப்போனான்.

"உட்காருங்க" என்றாள். "எதுக்குப் பயம்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லை."

அவன் பட்டையைப் பார்த்தான், பிறகு அவளை. "எதுக்கு, வைதேகி?"

"வலிக்கும்னு. வலிச்சா உங்ககிட்ட சொல்ல முடியாதுன்னு."

"சொல்லு. அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

அவள் அழுதாள். அழுது ஓய்ந்ததும் அவளே அவன் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா" என்றாள்.