நூற்று நாற்பது பேர்

படம் முடிந்து விளக்குகளைப் போட்ட பிறகும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"எழுந்து போவ மனசு வரல பாரு லேகா," என்றான் செம்பியன். அவன் குரல் உடைந்திருந்தது.

சந்திரலேகா தலையை ஆட்டினாள். திருவந்திபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று மதியம் நூற்று நாற்பது பேர். வாசலில் நின்று எண்ணியவள் அவள்தான்.

எட்டு வருஷம் ஆகிறது. சிதம்பரத்தில் இருவரும் பி.எஸ்சி. முடித்ததிலிருந்து அவன் கதை எழுதுகிறான், அவள் படியெடுத்துக் கொடுக்கிறாள். நாலு கதைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சொன்னான். ஒரு தயாரிப்பாளர் இடைவேளைக்கு முன்பே தூங்கிப்போனார். இன்னொருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஹீரோ எதுக்கு தம்பி முந்திரிக்கொட்ட ஒடைக்கிறான்? போலீஸ் ஆக்கிடு" என்றார்.

போதுமென்று ஊர் திரும்பி, ஒரு சின்னக் கேமராவை வாங்கி அவனே எடுத்துவிட்டான். தீபாவளிக்கு முன்னால் சிதம்பரத்தில் போட்டபோது ஏழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் படத்தில் நடித்தவர்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் அக்கா வீட்டுக்காரர் இளவரசு, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை சொல்லி வைத்தார். பதில் சொல்ல இன்று ஐந்து மணிவரை கெடு.

"'தானே' புயலு அடிச்சி மூணு வாரம் ஆவுது. ஊரே இருட்டுல கெடக்குது. இப்பப் போயி எவன் மச்சான் ஒன் படத்தப் பாக்க வருவான்?" என்று காலையில்கூடச் சிரித்தார்.

"நூறு பேரு வரலன்னா கேமராவ வித்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன் மாமா. வந்துட்டா என்ன என் வழில வுட்டுடணும்."

நோட்டீஸ் எழுதியது சந்திரலேகா. 'அனுமதி இலவசம்' என்று முடித்தவள், கரண்ட் இல்லாத ஊரில் படம் எப்படி ஓடும் என்று யாரும் தயங்கிவிடக் கூடாதே என்று, 'ஜெனரேட்டர் வசதி உண்டு' என ஒரு வரி சேர்த்தாள்.

இரண்டரை மணிக்குத் தொடங்கும் படத்துக்கு ஒரு மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. நடுவில் போட்ட நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. சுவரே தெரியாதபடி எல்லோரும் ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "நான்தான்யா மொதல்ல வந்தேன்" என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என் படத்துக்கு எடம் புடிக்க சண்ட லேகா!"

"நாற்காலிதான் காலியா இருக்கே," என்றாள் அவள் மெதுவாக.

"கூச்சப்படறாங்க. ஒன்ன மாதிரி."

படத்தில் ஒருவன் பேச்சே இல்லாமல் நாலு நிமிஷம் தோப்புக்குள் நடப்பான். சிதம்பரத்தில் மீதி மூன்று பேரும் வெளியே போனது அங்கேதான். இங்கே ஒரு ஆள் அசையவில்லை.

செம்பியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"மாமா, வேலைக்கு நான் வரல."

"மணி நாலே முக்கா மச்சான். அஞ்சுக்கு அந்த எடம் வேற ஆளுக்குப் போயிடும். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத." இளவரசு கத்தியது சந்திரலேகாவுக்கே கேட்டது.

"போவட்டும் மாமா. நூத்தி நாப்பது பேரு. முடிஞ்சும் ஒருத்தரு எழுந்திரிக்கல."

எதிர்முனையில் இளவரசு போனை வைத்துவிட்டார். செம்பியன் சிரித்தான். எட்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கோயில் வாசலில் பூக்கட்டும் இருசம்மாள்.

"ஏம்மா, நாளைக்கும் இங்க படம் போடுவீங்களா?"

புது ஆளிடம் பேச நா எழாத சந்திரலேகா, அன்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "இவருதாம்மா படம் எடுத்தவரு. இவரயே கேளுங்க."

செம்பியன் கைகூப்பினான். "கண்டிப்பா போடறேம்மா. படம் அவ்ளோ புடிச்சிதா?"

"அது கெடக்குது தம்பி. என் செல்லு பாதிதான் சார்ஜ் ஏறியிருக்கு."