திசை தெரிந்தவள்

கதவிடுக்கு வழியாக மூத்த மருமகள் எட்டிப் பார்த்தாள். சந்தை திறந்து வெகுநேரம் ஆகியும் இளையவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. சாவகாசமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

பங்குச் சந்தையில் தானாகவே வாங்கி விற்கும் புரோகிராமை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி, "எனக்கும் சொல்லிக் கொடுங்கக்கா" என்று பின்னாலேயே சுற்றினாள். இவளும் பெரிய மனசு பண்ணிச் சொல்லிக் கொடுத்து, தன் கணக்கிலேயே அவள் எழுதிய புரோகிராமையும் ஓடவிட்டாள்.

சூட்சுமம் ஒன்றுதான். சந்தை ஒரு திசையில் போகிறதா, இல்லை நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். போகிற சந்தையோடு கூடவே ஓட வேண்டும். ஆடுகிற சந்தையில் இறங்கும்போது வாங்கி, ஏறும்போது விற்க வேண்டும். மாற்றிச் செய்தால் கை சுடும்.

மூத்தவளின் புரோகிராம் எதை எதையோ அலசிப் பார்த்து "போகிறது" என்று அறிவிக்கும். அதற்கப்புறம்தான் இளையவளுடையது மெல்ல வாயைத் திறந்து "ஆடுகிறது" என்னும். பெரும்பாலும் சந்தையும் சின்னவள் சொன்னபடியே ஆடும்.

"எப்படிடி கண்டுபிடிக்கிறே?" என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் உங்ககிட்ட இருந்து எடுத்ததுதான்க்கா."

அழுத்தக்காரி, வாயைத் திறக்கிறாளா பார் என்று மூத்தவள் மனதுக்குள் கறுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மாமனார் தொண்டையைச் செருமினார். "சின்னவளுக்குத்தான் இது கைவந்திருக்கு. அடுத்த மாசத்துல இருந்து அவளே எல்லாத்தையும் பார்த்துக்கட்டும். பெரியவ கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே."

"அப்பா சொல்றது சரிதான்" என்றான் மூத்தவளைக் கட்டினவன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

மூத்தவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். ஓய்வாம். தான் நட்டு வளர்த்ததை நேற்று வந்தவள் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் ஓய்வாம்.

மறுநாள் காலை, சந்தை திறப்பதற்கு முன்பே அவள் தன் புரோகிராமில் கைவைத்தாள். இத்தனை வருஷம் இழைத்து இழைத்து எழுதியதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டாள். இனி யார் பெரியவள், யார் சின்னவள் என்று எவரும் சொல்ல முடியாது.

சந்தை திறந்ததும் இரண்டு திரைகளுக்கும் பேய் பிடித்தது. போகிறது, ஆடுகிறது, போகிறது, ஆடுகிறது என்று இரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி மாற்றிச் சொல்லின. ஒவ்வொரு தடவையும் வாங்கின, விற்றன. அவள் பதறிப்போய் மின் இணைப்பைப் பிடுங்குவதற்குள் கணக்கில் பாதி கரைந்திருந்தது.

அவள் போட்ட அலறலைக் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"இவதான் ஏதோ பண்ணியிருக்கா" என்று மூத்தவள் ஓரகத்தியின் மேல் பாய்ந்தாள்.

"நான் கிட்டவே போகலைக்கா. நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

மாமனார் மூத்தவளையே பார்த்தார். கணவனும் பார்த்தான். இதற்குமேல் மறைக்க அவளிடம் தெம்பில்லை.

"ஆமா, மாத்தினேன். உன்மேல பொறாமை, அதனால மாத்தினேன். உன்னோடது என்ன சொல்லுதோ, என்னோடதும் அப்படியே செய்யணும்னு எழுதிட்டேன். போதுமா?"

இளையவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, உங்களோடது என்ன சொல்லுதோ, அதுக்கு நேர்மாறா செய்யணும்னுதானே நான் எழுதியிருந்தேன்."