மாமனாரும் ஆறு அங்குலமும்

வருங்கால மாமனாரின் இரண்டு கால்கள்தான் வெஸ்லியின் கண்ணில் முதலில் பட்டன. மீதி மாமனார் சிவப்பு பிக்கப் லாரிக்கு அடியில் இருந்தார்.

வெஸ்லியின் பையில் மோதிரம் இருந்தது. "அப்பா சரின்னு சொன்னாத்தான் அத வெளிய எடுக்கணும்" என்று கேசி கறாராகச் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு மணிக்கு நீ வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். எங்க தெருவுல செவப்பா ஒரு பிக்கப் நிக்கும், அதான் அடையாளம். அப்பாவுக்கு நாள் பூரா அந்த வண்டிப் பேச்சுதான்" என்று வழி சொல்லிவிட்டு அவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். பிக்கப் என்றால் உயிரை விடுகிற வெஸ்லிக்கு இப்படி ஒரு மாமனார் அமைந்ததில் தலைகால் புரியவில்லை.

"சார், நான் வெஸ்லி. உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம்..."

"இங்க ஆக்சில் என் மூக்கு மேல உக்காரப் போவுது, அதவிட முக்கியமா? அந்த ஜாக்கிய ரெண்டு அமுக்கு அமுக்கு, தம்பி!"

வெஸ்லி அமுக்கினான். டெக்சாஸில் அந்தப் பக்கமெல்லாம் சக்கரம் கழற்றிய வண்டிக்குப் பக்கத்தில் எவன் வந்து நின்றாலும் கையில் ஸ்பேனரைத் திணித்துவிடுவார்கள். நீ யார், எவர் என்று விசாரிப்பதெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். மாமனார் தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு வெஸ்லி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

வண்டியை ஆறு அங்குலம் உயர்த்துவதுதான் வேலை. முன்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கை உருவிவிட்டு, நீளமான புது ஷாக் அப்சார்பரைப் பொருத்தினார்கள். பின்பக்கம் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவில் செங்கல் கனத்துக்கு இரும்புக் கட்டையைச் சொருகி, பெரிய போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

"பரவால்லியே, நட்ட மொதல்ல கையால திருகுற! இப்பல்லாம் பசங்க எடுத்த எடுப்புல மெஷின வச்சு மரையக் காலி பண்ணிடறானுங்க."

"நானும் ரெண்டு வண்டிய காலி பண்ணித்தான் சார் கத்துக்கிட்டேன்."

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஐஸ் மிதக்கும் தேநீரை அவரே ஊற்றிக் கொடுத்தார். "ஏம்ப்பா, கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு?"

வெஸ்லிக்கு ஜிவ்வென்றது. "அதப் பத்திப் பேசத்தான் சார்..."

"அப்புறம் பேசலாம். டயர உருட்டிட்டு வா."

எதிர் வீட்டுப் புல்தரையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை, சர்ச்சுக்குப் போடுகிற பூட்ஸ். கடிகாரத்தைப் பார்ப்பதும், தெருவின் இரண்டு கோடியையும் பார்ப்பதும், பிறகு இவர்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதுமாக இருந்தார்.

"யாரு சார் அவரு? நம்மளையே மொறைக்கறாரு."

"அந்தாளா? என் வண்டி அவரு வீட்டு ஜன்னல மறைக்குதாம். பத்து வருஷமா பேச்சுவார்த்த கெடையாது. நீ கண்டுக்காத."

"இனிமே ஆறு அங்குலம் சேத்து மறைக்கும் சார்!"

மாமனார் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இடுப்பு உயர டயர்கள் நான்கையும் வெஸ்லி பூந்தொட்டி மாதிரி தூக்கி மாட்டினான்.

ஐந்து மணிக்கு வண்டி யானை மாதிரி எழுந்து நின்றது. வெஸ்லியின் வெள்ளைச் சட்டையில் வெள்ளை என்று சொல்ல ஒரு பொத்தான்தான் மிச்சம். மாமனார் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"நீயே ஓட்டு. அலைன்மென்ட் இன்னும் பாக்கல, எடது பக்கம் இழுக்கும். பாத்து!"

சாவியையே கொடுத்துவிட்டார், பெண்ணைக் கொடுக்க மாட்டாரா? அந்த மிதப்பில் வெஸ்லி ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி இடது பக்கம் இழுத்தது. இழுத்த வேகத்தில் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுப் புல்தரையில் ஏறியது. 'மடக்'கென்று ஒரு சத்தம். கம்பத்தோடு தபால் பெட்டி காலி.

எதிர் வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்தார். வெஸ்லி பயந்துபோய்ப் பக்கத்து சீட்டைப் பார்த்தான். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அவனுக்கும் குஷி பிறந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராக நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

இறங்கிய சூட்டோடு மோதிரத்தை வெளியே எடுத்தான்.

"சார், நான் கேசியக் கல்யாணம் பண்ணிக்க ஆசப்படறேன். கண் கலங்காம வச்சுப்பேன். உங்க சம்மதம் வேணும்."

அவர் மோதிரத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கிரீஸ் கையால் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"எனக்குப் பூரண சம்மதம், தம்பி! அந்தா, ஒடஞ்ச தபால் பெட்டியத் தூக்கிக்கிட்டு வர்றாரு பாரு, அவரையும் ஒரு வார்த்த கேட்டுக்க. அவருதான் பொண்ணோட அப்பா."